1.44: கப்பலில் பிறந்த ஓர் எண்



போன மாதம் எங்கள் கிளையின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் அறிவியல் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பொறியியல் படிக்கிறவன் என்றாலே எல்லாம் தெரிந்திருக்கும் என்று நம் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. வீட்டில் காற்றாடி ஓடவில்லை என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் படிப்பதோ இயந்திரப் பொறியியல்!

2019-இல் வெளியான அந்தக் கருந்துளைப் படத்தைத் திரையில் காட்டினேன். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். நான்காம் படிவம் படிக்கிற தம்பி ஒருவன் கையைத் தூக்கினான். அதுக்குள்ளே, ஆக நடுவில, என்ன இருக்கு அண்ணா என்று கேட்டான். நான் ஏதோ மென்று முழுங்கி ஒரு பதில் சொன்னேன். எனக்கே அது பதிலாகத் தெரியவில்லை. அவனுக்கும் தெரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

அன்று இரவு வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தேன். கருந்துளையில் தொடங்கிய படிப்பு ஒரு மனிதரின் வாழ்க்கையில் போய் நின்றது. பெயரை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். தமிழர், நோபல் பரிசு பெற்றவர், சர் சி.வி. ராமனின் அண்ணன் மகன். பொது அறிவுப் போட்டிக்கு இந்த மூன்று விவரம் போதும். ஆனால் அவர் என்ன கண்டுபிடித்தார், அதற்காக என்ன பட்டார் என்று கேட்டால் நம்மில் பல பேர் முழிப்போம். நானும் அப்படித்தான் முழித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் தேதி லாகூரில் பிறந்தார். அப்பா சுப்பிரமணிய ஐயர் அரசாங்கக் கணக்குத் துறையில் அதிகாரி. வேலை மாற்றலில் குடும்பம் லக்னோ போய், 1918-இல் மதராஸ் வந்து சேர்ந்தது. பத்துப் பிள்ளைகளில் சந்திரசேகர்தான் மூத்த ஆண்பிள்ளை. அம்மா சீதாலட்சுமி இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்தவர். பிள்ளைக்கு ஆரம்பப் பாடம் எல்லாம் வீட்டிலேயேதான். அதன் பிறகு திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, மாநிலக் கல்லூரி.

மகன் ஐ.சி.எஸ். அதிகாரி ஆகவேண்டும் என்பது அப்பாவின் கனவு. இன்றைக்கு நம் வீடுகளில் டாக்டர், வக்கீல் என்று சொல்கிறார்களே, அதே கதைதான். பையனுக்கோ இயற்பியல் மேல் ஆசை. அம்மா பையன் பக்கம் நின்றார்.

1928-இல் ஜெர்மனியிலிருந்து சாமர்ஃபெல்ட் என்ற பெரிய இயற்பியலாளர் மதராஸுக்கு வந்தார். அவர் எழுதிய அணு நூலைச் சந்திரசேகர் கரைத்துக் குடித்திருந்தார். தங்கியிருந்த ஹோட்டலுக்கே போய் அவரைப் பார்த்தார். அந்த நூல் வந்த பிறகு இயற்பியலே தலைகீழாக மாறிவிட்டது, நீ படித்தது எல்லாம் பழசு என்கிற பொருளில் சாமர்ஃபெல்ட் சொல்லிவிட்டார். நாமாக இருந்தால் மனசு உடைந்து திரும்பியிருப்போம். சந்திரசேகரோ அவரிடமிருந்தே புதிய குவாண்டம் கட்டுரை ஒன்றின் அச்சுப் படியை வாங்கிக்கொண்டு வந்து, உட்கார்ந்து படித்தார். அடுத்த ஆண்டே அவருடைய ஆய்வுக் கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. அப்போது அவர் இன்னும் பட்டப்படிப்பு மாணவர்தான்.

1930-இல் கேம்பிரிட்ஜ் போக அரசாங்க உபகாரச் சம்பளம் கிடைத்தது. ஆனால் அம்மா அப்போது கடுமையான நோயில் படுத்திருந்தார். இப்போது போனால் திரும்பி வந்து பார்க்க முடியாது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். போகவேண்டும் என்று பிடிவாதமாக நின்றது அந்த அம்மாதான். ஜூலை 31-ஆம் தேதி பம்பாயில் கப்பல் ஏறினார். அடுத்த ஆண்டு மே மாதம் அம்மா காலமானபோது மகன் இங்கிலாந்தில் இருந்தார். பல்கலைக்கழகத்துக்குப் பெட்டி கட்டின நாளை நினைத்துப் பார்க்கிறேன். என் அம்மா நான்கு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்கே அழுதார்.

சரி, கப்பலுக்கு வருவோம். இனிமேல் கொஞ்சம் இயற்பியல். பயப்படாதீர்கள், மெதுவாகவே போகலாம்.

ஒரு நட்சத்திரம் என்பது இரண்டு விசைகளின் கயிறிழுப்பு. ஈர்ப்பு உள்ளே இழுக்கிறது. எரிகிற வாயுவின் அழுத்தம் வெளியே தள்ளுகிறது. எரிபொருள் தீர்ந்துவிட்டால்? நட்சத்திரம் சுருங்கும். வானத்தில் ஆகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸுக்கு ஒரு துணை நட்சத்திரம் இருக்கிறது. அதன் நிறை ஏறக்குறைய நம் சூரியன் அளவு, உருவமோ ஏறக்குறைய பூமி அளவுதான். ஒரு தேக்கரண்டி அள்ளினால் பல டன் எடை இருக்கும். இதுதான் வெள்ளைக் குள்ள நட்சத்திரம். எரிபொருளே இல்லாத இது ஏன் மேலும் சுருங்காமல் நிற்கிறது?

1926-இல் கேம்பிரிட்ஜில் இருந்த ரால்ஃப் ஃபௌலர் இதற்குப் பதில் சொன்னார். தாங்கி நிற்பது வெப்பம் இல்லை, குவாண்டம் விதி. ஒரு பேருந்தில் ஓர் இருக்கைக்கு ஓர் ஆள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரான்களும் அப்படித்தான். ஒரே நிலையில் இரண்டு எலக்ட்ரான் உட்கார முடியாது. இடத்தை நெருக்க நெருக்க, கீழ் இருக்கைகள் நிரம்பி, மற்றவை மேலும் மேலும் வேகமான நிலைகளுக்குப் போயாகவேண்டும். அந்த வேகம்தான் அழுத்தமாக வெளியே தள்ளுகிறது. ஆக, ஒரு முழு நட்சத்திரத்தின் ஈர்ப்பைக் கண்ணுக்குத் தெரியாத எலக்ட்ரானின் விதி தடுத்து நிறுத்துகிறது. எனக்கு இதைப் படித்தபோதே சிலிர்த்தது.

ஃபௌலர் கணக்குப்படி எல்லா நட்சத்திரமும் கடைசியில் வெள்ளைக் குள்ளனாகி நிம்மதியாகக் குளிர்ந்துவிடும். கப்பலில் 19 வயதுப் பையனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. இவ்வளவு நெருக்கினால் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்குமே? அப்படியானால் ஐன்ஸ்டீனின் சார்பியலைக் கணக்கில் சேர்க்கவேண்டாமா? சேர்த்தார். அங்கேதான் எல்லாம் மாறியது.

வேகம் குறைவாக இருக்கும்வரை குவாண்டம் அழுத்தம் அடர்த்தியின் 5/3 அடுக்கில் கூடும். ஒளியின் வேகத்தை நெருங்கிவிட்டால் அதற்கு மேல் வேகம் கூட வழியில்லை. அழுத்தம் 4/3 அடுக்கில்தான் கூடும். நட்சத்திரத்தை ஈர்ப்புக்கு எதிராகத் தாங்கத் தேவையான அழுத்தமும் அதே 4/3 அடுக்கில்தான் கூடுகிறது. இரண்டு பக்கமும் அடர்த்தி வெட்டுப்பட்டுப் போகிறது. மிஞ்சுவது நிறை மட்டும். அதாவது ஒரு குறிப்பிட்ட நிறைக்கு மேல் போனால், எவ்வளவு சுருங்கினாலும் தாங்கவே முடியாது. ஈர்ப்பு ஜெயித்துவிடும்.

1931-இல் அவர் வெளியிட்ட முதல் விடை, சூரியனைப் போல் 0.91 மடங்கு. நட்சத்திரத்தின் உட்பொருள் பற்றிய ஊகம் பிறகு திருந்தியபோது அது ஏறக்குறைய 1.44 மடங்கு ஆனது. இன்று உலகம் இதைச் சந்திரசேகர் எல்லை என்கிறது. நியாயமாக இன்னொன்றும் சொல்லவேண்டும். வில்ஹெல்ம் ஆண்டர்சன், எட்மண்ட் ஸ்டோனர் என்ற இருவரும் அதே காலத்தில் தனித்தனியே இப்படி ஓர் எல்லையைத் தொட்டிருந்தார்கள். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு முழுக் கோட்பாடாக வளர்த்தவர் சந்திரசேகர்தான்.

இப்போது கதையின் இன்னொரு மனிதர் வருகிறார். சர் ஆர்தர் எடிங்டன். 1919-இல் சூரிய கிரகணத்தை அளந்து ஐன்ஸ்டீன் சொன்னது சரி என்று காட்டியவர். அன்றைய வானியலில் அவர் வைத்ததுதான் சட்டம். சந்திரசேகர் மதராஸில் கட்டுரைப் போட்டியில் ஜெயித்தபோது பரிசாகக் கேட்டு வாங்கியதே எடிங்டன் எழுதிய நூலைத்தான். கேம்பிரிட்ஜில் இருவரும் ஒரே டிரினிட்டி கல்லூரி. 1933-இல் முனைவர் பட்டம் முடித்த சந்திரசேகர், ராமானுஜனுக்குப் பிறகு அங்கே ஆய்வாளராகத் தேர்வான இரண்டாவது இந்தியர். 1934 கடைசியில் அவர் எல்லையின் முழுக் கணக்கையும் போட்டுக்கொண்டிருந்தபோது, எடிங்டன் அடிக்கடி அறைக்கே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

1935 ஜனவரி 11. லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டம். 24 வயதுச் சந்திரசேகர் தன் முடிவைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அடுத்து எடிங்டன் எழுந்தார். சார்பியலையும் குவாண்டத்தையும் இந்தப் பையன் சேர்த்த விதமே முறையற்ற கலியாணம் என்கிற மாதிரி கேலி செய்தார். ஒரு நட்சத்திரம் முடிவே இல்லாமல் சுருங்கிக்கொண்டே போவது அபத்தம், அதைத் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருந்தே ஆகவேண்டும் என்றார். சபை சிரித்தது. பதில் சொல்லச் சந்திரசேகருக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. அதே ஆண்டு பாரிஸில் நடந்த அனைத்துலக மாநாட்டிலும் இதே கதைதான்.

எடிங்டன் ஏன் அப்படிச் செய்தார்? கெட்ட மனிதர் என்று ஒதுக்கிவிட முடியாது. அவரும் அந்த ஆண்டுகளில் சார்பியலையும் குவாண்டத்தையும் ஒன்றாக இணைக்கும் ஒரு மாபெரும் கோட்பாட்டைத் தானே கட்டிக்கொண்டிருந்தார். சந்திரசேகரின் கணக்கு அதற்குள் அடங்கவில்லை. தன் கனவைக் காப்பாற்ற அவர் ஓர் உண்மையைத் தள்ளிவிட்டார். 1944-இல் இறக்கும்வரை அந்தக் கோட்பாட்டையே எழுதிக்கொண்டிருந்தார். இன்று அதை யாரும் பயன்படுத்துவதில்லை.

இங்கே என் கதையைக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். போன பருவத்தில் என் புரோஜெக்டை வகுப்பின் முன்னால் படைத்தேன். நான் சொன்ன எண்ணைக் கேட்டு ஒருவர் சிரித்தார், பிறகு பாதி வகுப்பு சிரித்தது. இரண்டு வாரம் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. படிப்பையே விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். சந்திரசேகர் கதையை முதலில் படித்தபோது, ஆஹா, நானும் இப்படித்தான், உலகத்துக்குத்தான் புரியவில்லை என்று ஒரு சந்தோஷம் வந்தது. அந்தச் சந்தோஷம் அடுத்த பக்கத்திலேயே போய்விட்டது.

ஏனென்றால் சந்திரசேகர் அறைக்குள் படுத்து அழுதுகொண்டிருக்கவில்லை. கோபன்ஹேகனில் இருந்த நண்பர் ரோசன்ஃபெல்டுக்கு முழு விவரமும் எழுதி, எங்கே தவறு என்று பார்க்கச் சொன்னார். ரோசன்ஃபெல்ட் அதை நீல்ஸ் போரிடம் காட்டினார். எலக்ட்ரான் விதியைக் கண்டுபிடித்த பௌலிக்கும் விஷயம் போனது. மூன்று பேருமே தவறு சந்திரசேகர் பக்கம் இல்லை என்றார்கள். எடிங்டனை எதிர்த்து வெளிப்படையாக எழுத மட்டும் யாரும் முன்வரவில்லை. அது வேறு வேதனை. ஆனால் அவர் நின்றது ரோஷத்தின் மேல் இல்லை, சரிபார்த்த கணக்கின் மேல்.

நானும் என் கணக்கை எடுத்து முதலிலிருந்து பார்த்தேன். ஓர் இடத்தில் மில்லிமீட்டரை மீட்டராக மாற்றாமல் விட்டிருந்தேன். சிரித்தவர் சிரித்த விதம் தவறு, ஆனால் எண் தவறியது என்னிடம்தான். சிரிக்கப்பட்டவன் எல்லாம் சந்திரசேகர் ஆகிவிட முடியாது நண்பர்களே. திருத்தி மறுபடியும் கொடுத்தேன். பாஸ் ஆகிவிட்டேன்.

சந்திரசேகர் சண்டையை நீட்டவில்லை. 1936-இல் இந்தியா வந்து, மாநிலக் கல்லூரியில் தனக்கு ஓராண்டு பின்னால் இயற்பியல் படித்த லலிதாவை மணந்தார். 1937-இல் இருவரும் அமெரிக்கா போனார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் வேலை. 1939-இல் நட்சத்திரங்களின் அமைப்பு பற்றி ஒரு நூல் எழுதி, தன் முடிவுகளை எல்லாம் அதில் வைத்துவிட்டு, வேறு துறைக்குப் போய்விட்டார். அதன் பிறகு அவர் வாழ்க்கை முறையே அப்படி ஆனது. ஒரு துறையை எடுப்பார், பல ஆண்டு உழைப்பார், நூல் எழுதி முடிப்பார், அடுத்ததற்குப் போவார். 1952 முதல் 1971 வரை உலகின் முக்கியமான வானியற்பியல் இதழுக்கு ஆசிரியராகவும் இருந்தார். தன்னை நாத்திகர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டவர். ஆனாலும் கடைசிவரை சைவ உணவுக்காரர்.

எனக்கு ஆச்சரியம், எடிங்டன் மேல் அவர் வன்மம் வைக்கவே இல்லை. இருவரும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். எடிங்டன் இறந்தபோது அவரைப் புகழ்ந்து பேசியவர்களில் சந்திரசேகரும் ஒருவர். எடிங்டனின் நூற்றாண்டு வந்தபோதும் கேம்பிரிட்ஜ் போய் அவரைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார்.

உலகம் மெல்ல மெல்ல அவர் கணக்குக்கு வந்து சேர்ந்தது. 1967-இல் முதல் பல்சார் கண்டறியப்பட்டு, நியூட்ரான் நட்சத்திரம் நிஜம் என்று தெரிந்தது. 1970-களில் கருந்துளைகளுக்கும் ஆதாரம் வந்தது. எடிங்டன் அபத்தம் என்று சொன்னதைத்தான் இயற்கை செய்துகொண்டிருந்தது. 60 வயது தாண்டிய சந்திரசேகர் கருந்துளைகளின் கணிதத்தைப் புதிதாகக் கையிலெடுத்து, 1983-இல் பெரிய நூலாக வெளியிட்டார். அதே ஆண்டு நோபல் பரிசும் வந்தது. கப்பல் பயணத்திலிருந்து எண்ணினால் 53 ஆண்டுகள்! 1995 ஆகஸ்ட் 21-இல் சிகாகோவில் காலமானார். 1999-இல் விண்ணுக்குப் போன சந்திரா எக்ஸ்-ரே தொலைநோக்கி அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

இனி அந்தத் தம்பியின் கேள்வி. சந்திரசேகர் எல்லையின் சூத்திரத்துக்குள் குவாண்டத்தின் பிளாங்க் மாறிலி, ஒளியின் வேகம், ஈர்ப்பு மாறிலி, புரோட்டானின் நிறை எல்லாம் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. அணுவும் வானமும் ஒரே வரியில். அப்படியானால் ஈர்ப்பையும் குவாண்டத்தையும் அவர் ஒன்றாக்கிவிட்டாரா என்றால், இல்லை. இரண்டையும் ஒரே வேலையில் சேர்த்தார், அவ்வளவுதான். அவர் கணக்கில் எலக்ட்ரான்தான் குவாண்டம் விதிக்குக் கட்டுப்படுகிறது. ஈர்ப்பு பழைய ஈர்ப்பாகவே இருக்கிறது.

ஈர்ப்பையே குவாண்டமாக்குவது ஏன் கஷ்டம்? ஒரு நாடக மேடையை நினைத்துக்கொள்ளுங்கள். குவாண்டம் கோட்பாட்டில் நடிகர்கள் நிலையில்லாமல் ஆடுவார்கள், மேடை அசையாது. ஐன்ஸ்டீனின் ஈர்ப்பில் மேடையே, அதாவது இடமும் காலமுமே, நடிகர்களின் எடைக்கு ஏற்ப வளையும். இரண்டையும் சேர்த்தால் மேடையும் நிலையில்லாமல் ஆடவேண்டும். அப்புறம் நடிகர் எதன் மேல் நிற்பார்? மின்காந்த விசையைக் குவாண்டமாக்கியபோதும் கணக்கில் முடிவிலிகள் வந்தன. அவற்றை அடக்க 1940-களில் வழி கண்டார்கள். ஈர்ப்பில் அந்த வழி எடுபடவில்லை. ஒன்றை அடக்கினால் புதிதாக ஒன்று கிளம்புகிறது.

லெனின்கிராடில் மத்வே பிரான்ஸ்டைன் என்ற இளைஞர் 1936-இலேயே இந்தச் சிக்கலின் ஆழத்தைக் கண்டு எழுதினார். ஸ்டாலின் காலத்து ஒடுக்குமுறையில் கைதாகி, 1938-இல் 31 வயதில் சுட்டுக் கொல்லப்பட்டார். சிரிப்பு மட்டும் கிடைத்தவர் ஒருவகையில் பாக்கியசாலிதான்.

சோதனை செய்து பார்க்கலாம் என்றால் ஈர்ப்பு அவ்வளவு பலவீனம். சின்ன காந்தம் ஒன்று முழுப் பூமியின் இழுப்பையும் மீறி குண்டூசியைத் தூக்கிவிடுகிறதே! ஈர்ப்பின் குவாண்டம் குணம் தெளிவாகத் தெரியவேண்டிய அளவு 10-இன் அடுக்கு -35 மீட்டர். புரோட்டானோடு ஒப்பிட்டால்கூட அது ஏறக்குறைய பத்து லட்சம் கோடிக் கோடியில் ஒரு பங்குதான் ஒருபுறம் இருக்க, எந்தக் கருவியும் அந்தப் பக்கம் போனதில்லை. 1974-இல் ஸ்டீஃபன் ஹாக்கிங் கருந்துளைக்கும் வெப்பநிலை உண்டு என்று கணக்கிட்டுக் காட்டினார். கதவு கொஞ்சம் திறந்தது. உள்ளே இன்னும் யாரும் போகவில்லை. கருந்துளையின் நடுவில் ஐன்ஸ்டீனின் சமன்பாடு முடிவிலி என்று சொல்லி நின்றுவிடுகிறது. அதற்குப் பொருள், அங்கே முடிவிலி இருக்கிறது என்பதல்ல. அந்தச் சமன்பாடு அங்கே செல்லாது என்பதுதான்.

அடுத்த ஞாயிறு அந்தத் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு, அன்றைக்கு நான் சொன்னது சரியான பதில் இல்லை என்று ஒத்துக்கொண்டேன். நடுவில் என்ன இருக்கிறது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது என்றேன். நோபல் பரிசு வாங்கினவங்களுக்குமா அண்ணா என்று கேட்டான். ஆமாம், அவர்களுக்கும்தான் என்றேன். ஏமாந்துபோவான் என்று நினைத்தேன். பையன் சிரித்துவிட்டு, 4/3 எப்படி வருது, போட்டுக் காட்டுங்க என்று நோட்டுப் புத்தகத்தை நீட்டினான்.

முழுசாகப் போட்டுக் காட்ட எனக்கே தெரியவில்லை. இப்போது இரண்டு பேரும் சேர்ந்து படித்துக்கொண்டிருக்கிறோம். உங்களில் யாருக்காவது ஆர்வம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். நோட்டுப் புத்தகம் மட்டும் கொண்டுவந்தால் போதும்.